தளம் போட்ட வீடு

மந்தாரக்குப்பம்
மாசி 12

அன்புள்ள மாமாவுக்கு,

அன்புக்கரசி எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். இனியனும் இன்றைய தேதிக்குச் சுகம். நீங்கள் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். வாட்ஸ்அப் இருக்கிற போன் உங்கள் அப்பா கையில் இருக்கிறது. நீங்கள் கூப்பிட்டால் அதை நடு வீட்டில் ஸ்பீக்கரில் வைத்து, பக்கத்து வீட்டு கமலா அக்கா வரைக்கும் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பேசுகிறார். என் முறை வரும்போது நல்லா இருக்கேன், நீங்க சாப்பிட்டீங்களா என்பதற்கு மேல் என்ன பேச முடியும்? அதனால்தான் உங்களோடு வேலை பார்க்கிற செல்வகுமார் வீட்டில் உங்கள் கேம்ப்பின் தபால் விலாசத்தைக் கேட்டு வாங்கினேன். என் கையெழுத்தைக் கிண்டல் செய்யாமல் முழுசாகப் படியுங்கள்.

முதலில் நல்ல செய்தி. சுவர் எழும்பிவிட்டது. லாரியில் பலகை பலகையாக வந்து இறங்கியது, கிரேன் தூக்கி நிறுத்தியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நம் மனையில் ஒரு வீடு நிற்கிறது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் சிங்காரவேல் நல்ல மாதிரி. என்னையும் ஒரு ஆளாக மதித்து எல்லாவற்றையும் சொன்னார். சிமெண்டோடு அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கலந்து, உள்ளே பொடிப் பொடிக் குமிழியாகக் காற்றை அடைத்துச் செய்கிற பலகையாம் இது. அதனால் கனமும் இல்லை, வெயிலும் சீக்கிரம் உள்ளே வராது என்றார். தூண் கிடையாது, சுவர்தான் வீட்டைத் தாங்குகிறது, கூரைக்கும் இதே பலகைதான் போட வேண்டும், வேறு எதையும் மேலே ஏற்றிவிடாதீர்கள் என்று போகும்போதும் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனார். கூரைப் பலகைகளும் வந்துவிட்டன. மனை ஓரத்தில் அடுக்கி வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் கிரேன் மறுபடி வரும்.

நேற்றுச் சாயங்காலம் நான் மட்டும் போய் மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். வெளிப்பக்கம் கை வைக்க முடியவில்லை. உள்ளே வந்து அதே சுவரில் கன்னத்தை வைத்தேன். குளுகுளுவென்று இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது மாமா. நீங்கள் அந்தப் பாலைவன வெயிலில் இதே மாதிரிப் பலகைகளை நிறுத்திவிட்டு, ராத்திரி அந்த அறையிலேயே படுத்துப் பார்த்து, "இது நம்ம புள்ளைக்குன்னே செஞ்ச செவுரு மாதிரி இருக்குடி" என்று சொன்னீர்களே, அது வெறும் பேச்சில்லை என்று தெரிந்தது.

இனியனை ஸ்கூலில் இந்த வருடம் புது டீச்சர் பார்த்துக்கொள்கிறார். பெயர் சரிதா. அவரிடம் நானே போய்ச் சொன்னேன். இவனுக்குப் பிறவியிலேயே வியர்வை வராது டீச்சர், அதனால் உடம்பில் ஏறுகிற சூடு இறங்க வழியில்லை, ஈரத் துண்டு கழுத்திலேயே இருக்க வேண்டும், விளையாட்டு பீரியடில் வெளியே விடாதீர்கள், பையன் மந்தமாகிவிட்டால் அது தூக்கம் இல்லை, காய்ச்சல், அடுத்தது வலிப்பு என்றேன். அவர் பயந்துவிட்டார். பயந்தால்தான் நல்லது. அதே பிறவிக் குறையால் பல்லும் நாலுதான் முளைத்திருக்கிறது என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம். அதை இவன் கண்டுகொள்வதில்லை. தாத்தாவுக்கும் நாலு பல்தான், நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்சி என்கிறான்.

இந்த ஷீட் போட்ட வாடகை வீட்டில் போன சித்திரை எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள்தானே அவனைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். இன்னொரு சித்திரையை இந்த வீட்டில் இவன் தாண்டுவான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. எனக்கு வேண்டியது எல்லாம் ஒன்றுதான். கத்திரி வெயிலுக்கு முன்னால் இவன் அந்தச் சுவருக்குள் போய்விட வேண்டும்.

இப்போது நான் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். கிரேன் வேலையில் உடைந்த ஒரு துண்டுப் பலகையை இனியன் எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் டிரம்மில் போட்டிருக்கிறான். அது மிதந்தது. அவனுக்குக் கொண்டாட்டம். தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து ஆளுக்கொரு துண்டை மிதக்க விட்டார்கள். உங்கள் அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்றிலிருந்து அவர் முகம் சரியில்லை. டீக்கடையில் யாரோ, சாமிக்கண்ணு மகன் துபாய்க் காசில் தெர்மாகோல் வீடு கட்டுகிறான், மழை வந்தால் வீராணம் ஏரிக்குப் போய்விடும் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். நீங்கள் இருப்பது துபாய் இல்லை என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. வளையமாதேவியிலிருந்து வந்த சொந்தக்காரர்களும் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள்.

முந்தாநாள் உங்கள் அப்பா கொத்தனார் நல்லசாமியைக் கூட்டிக்கொண்டு வந்து மனையைக் காட்டினார். கூரைப் பலகை வேண்டாம், கம்பி கட்டி, ஜல்லி போட்டுத் தளம் ஊற்றிவிடலாமா என்று கேட்டார். கொத்தனார் ஊற்றலாம் என்கிறார். அவருக்கு வேலை வேண்டும், ஊற்றலாம் என்றுதான் சொல்வார். நான் குறுக்கே பேசினேன். இன்ஜினியர் சொன்னதைச் சொன்னேன். உங்கள் அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். "பொறந்ததுல இருந்து கூரை வூட்லயே கெடந்துட்டன்மா. ஆயுசு பூரா அடுத்தவன் மெத்த வூட்டுக்கு ஜல்லி சொமந்தன். நமக்குன்னு ஒரு தளத்தப் போட்டு, அதுக்கு அடியில ஒரு நாளு தலய சாய்ச்சிட்டுப் போறன், உடு."

இதற்கு மேல் மருமகள் சொல்லி அவர் கேட்க மாட்டார். நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாமல், கூரை எப்படி வருது என்று நீங்களே கேட்கிற மாதிரிக் கேட்டு, பலகைதான் போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அவர் மனம் நோகாமல் சொல்லுங்கள். ஆனால் சொல்லிவிடுங்கள்.

உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
அன்புக்கரசி


மந்தாரக்குப்பம்
பங்குனி 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அன்பு மனைவி எழுதுவது. நான் போன மாதம் போட்ட கடிதம் உங்கள் கையில் கிடைத்ததா தெரியவில்லை. கிடைத்திருந்தாலும் அதற்குள் வேலை முடிந்துவிட்டது. கிரேன் வந்த அன்று நானும் உங்கள் அம்மாவும் ரேஷன் கடைக்குப் போயிருந்தோம். கூரையைப் பிறகு பார்த்துக்கொள்கிறோம் என்று உங்கள் அப்பா அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். மறுவாரமே முட்டுக் கொடுத்து, கம்பி கட்டி, தளம் ஊற்றியாகிவிட்டது.

நீங்களும்தான் போனில் பார்த்தீர்களே. கலவை மெஷின் ஓடிய சத்தத்தில் உங்கள் குரலே கேட்கவில்லை. வளையமாதேவி ஜனம் முக்கால்வாசி வந்திருந்தது. பெண்டுகள் வரிசையாக நின்று சட்டி மாற்றினார்கள். ஆட்டுக்கறி, சோறு, ரசம், அப்பளம். கல்யாணம் மாதிரி இருந்தது. உங்கள் அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏணியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். அவரை அப்படிச் சந்தோஷமாக நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை. டீக்கடையில் சிரித்த ஆட்களை எல்லாம் தேடிப் போய்க் கூப்பிட்டு, இலை போட்டு உட்கார வைத்து அவரே பரிமாறினார்.

அவர் போனைத் தூக்கித் தளத்தைச் சுற்றிக் காட்டி, எப்படிடா இருக்குது என்று உங்களைக் கேட்டபோது அத்தனை சொந்தமும் சுற்றி நின்றது. நீங்கள் நல்லா இருக்குப்பா என்றீர்கள். உங்கள் முகத்தை நான் பார்த்தேன். உங்களால் அந்த இடத்தில் வேறு எதுவும் சொல்லியிருக்க முடியாது. அதனால் உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நானும்தான் மூன்று பந்திக்கும் ரச வாளியைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகமாக நடந்தேன்.

இப்போது நான் எழுதப்போவதைப் படித்து, இவள் ஒரு நிலையில் நிற்க மாட்டாள் என்று நினைப்பீர்கள். மாமா, வீடு குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. தளம் இறுகுவதற்காக மேலே மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள். முட்டுகளைப் பிரித்த பிறகும் உங்கள் அப்பா தண்ணீரை விடவில்லை. போர் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து ஊற்றிக்கொண்டே இருக்கிறார். சுவரும் சூட்டை உள்ளே விடுவதில்லை, மேலேயும் ஒரு குளம் நிற்கிறது. பகலெல்லாம் இனியனை அங்கேதான் வைத்திருக்கிறேன். பங்குனியில் பால் காய்ச்சக் கூடாது என்று உங்கள் அம்மா சொல்வதால் ராத்திரி படுக்க மட்டும் பழைய வீட்டுக்கு வருகிறோம். நேற்று மத்தியானம் இனியன் துண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் தரையில் கையைக் காலைப் பரப்பிப் படுத்துத் தூங்கினான். ஈரத் துண்டு இல்லாமல், பங்குனி வெயிலில், மத்தியானத்தில். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் நெற்றியை எத்தனை தடவை தொட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அப்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான்தான் வீணாகப் பயந்துவிட்டேனோ, பெரியவர் செய்தது சரிதானோ என்று.

உங்கள் அப்பாவும் அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியாம்மா, தளம்னா தளந்தான்" என்றார். எனக்கும் மனசு நிறைந்துதான் இருந்தது.

கூரைக்கு வந்த பலகைகள் வீணாகக் கூடாது என்று, அவற்றை வைத்துப் பின்பக்கம் ஆடுகளுக்கு ஒரு கொட்டகை போட்டுவிட்டார். சுவரும் பலகை, மேலேயும் பலகை. நம் ஆடுகள் ராஜா வீட்டு ஆடுகள் மாதிரி இருக்கின்றன. இதைப் படித்து நீங்கள் சிரிப்பீர்களா, கோபப்படுவீர்களா தெரியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்துகிறது. ஜன்னல் மூலையில் ஒரு முடி கனத்துக்கு விரிசல் தெரிந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். புது வீட்டில் இதெல்லாம் இருக்கும் என்று சிமெண்ட் பாலைக் குழைத்துப் பூசிவிட்டுப் போனார். பூசின பிறகு தெரியவில்லை. சிங்காரவேல் சாருக்குப் போன் செய்யலாம் என்று நினைத்தேன். அவருக்குத் தளம் ஊற்றிய விஷயமே தெரியாது. என்ன முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது என்று விட்டுவிட்டேன்.

சித்திரை பிறந்ததும் பால் காய்ச்சுகிறோம். ஷீட் வீட்டைக் காலி செய்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. பிறகு கேட்டாலும் கிடைக்காது, ஒடிசாவிலிருந்து வந்த கான்ட்ராக்ட் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் பால் காய்ச்சுவதுதான் குறை. போனில் பாருங்கள். அன்றைக்காவது ஷிப்ட் மாற்றிக் கேளுங்கள்.

என்றும் உங்கள்,
அன்புக்கரசி


கடலூர்
சித்திரை 27

மாமாவுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. செல்வகுமார் லீவு முடிந்து நாளைக்கு விமானம் ஏறுகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்களுக்குப் போன் போட்டால் எடுக்கிறீர்கள், என் குரலைக் கேட்டதும் அழுகிறீர்கள், வைத்துவிடுகிறீர்கள். நான் சொல்ல வந்ததைச் சொல்லவே முடிவதில்லை. கடிதத்தை வைத்துவிட முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

பால் காய்ச்சியது வரைக்கும் உங்களுக்குத் தெரியும். அதற்கு மறுநாள் கொத்தனார் வந்து பாத்தியை உடைத்துத் தண்ணீரை வடித்தார், மேலே தரை பூச வேண்டும் என்று. தண்ணீர் நின்றவரைக்கும்தான் அது குளிர்ந்த வீடு என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணாந்து பார்க்க முடியவில்லை. மேலே இருந்து சூடு இறங்கியது. சாயங்காலம் வெயில் போன பிறகும் இறங்கியது. ராத்திரியில் தளத்தைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. நீங்கள் ஆசைப்பட்ட சுவர் இருக்கிறதே, அது வெளியே இருக்கிற சூட்டை உள்ளே விடாது. உள்ளே இறங்கிய சூட்டையும் வெளியே விடவில்லை. நாங்கள் அடுப்புக்குள் உட்கார்ந்திருந்தோம்.

இனியனுக்கு முதல் தடவை வலிப்பு வந்தது அந்த வாரத்தில்தான். மந்தாரக்குப்பம் டாக்டர் ஊசி போட்டு அனுப்பினார். இன்னொரு தடவை இப்படிச் சூடு ஏறினால் மூளையைப் பாதிக்கும், இந்த மாதம் முழுக்கப் பையனைக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள் என்றார். நீங்கள் ஏ.சி. வாங்கிப் போடச் சொன்னீர்கள். வீட்டுக்கு இன்னும் கட்டுமான வேலைக்குக் கொடுத்த லைன்தான், மோட்டார் போட்டாலே பல்பு மங்குகிறது. ஊருக்கெல்லாம் கரண்ட் போகிற அனல்மின் நிலையத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு நான் பனை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தேன்.

உங்கள் அப்பா பழையபடி மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார். வீடு குளிர்ந்தது. ஆனால் ஜன்னல் மூலையில் பூசிய இடம் பிளந்துகொண்டது. கதவு நிலைக்கு மேலேயும் விரிசல், விரல் நுழைகிற அளவு. வெட்கத்தை விட்டு சிங்காரவேல் சாருக்குப் போன் செய்தேன். மறுநாளே வந்தார். தளத்தைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. சுவர் தாங்குகிற கனத்துக்கு மேல் ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்கள், இதில் தண்ணீரையும் நிறுத்தினால் என்றைக்கு உட்காரும் என்று சொல்ல முடியாது, உடனே வடித்துவிடுங்கள் என்றார். தளத்தை உடைத்துவிடலாமா என்று கேட்டேன். சம்மட்டி அடித்தால் அதிர்ச்சியில் சுவரும் போய்விடும், முட்டுக் கொடுத்து மெஷின் வைத்து அறுக்க வேண்டும், அதற்கு ஆள் பார்த்து ஏற்பாடு செய்யவே ஆனி மாதம் ஆகிவிடும் என்றார். தண்ணீர் இருந்தால் சுவர் தாங்காது, தண்ணீர் இல்லாவிட்டால் பிள்ளை தாங்க மாட்டான். இதற்கு நடுவில் நான் நின்றேன். இன்ஜினியர் சொன்னபடியே தண்ணீரை வடித்தோம். பழைய ஷீட் வீட்டில் வேறு குடும்பம் வந்துவிட்டது. வந்திருந்தாலும் வராவிட்டாலும் அது மட்டும் என்ன வாழ்ந்தது.

அன்று மத்தியானம் இனியனைத் தேடினேன். ஆட்டுக்கொட்டகையில் ஆடுகளோடு படுத்திருந்தான். உள்ளே போய்ப் பார்த்தால் அப்படி ஒரு குளிர்ச்சி. சுவரிலும் பலகை, மேலேயும் பலகை. நீங்கள் கட்டச் சொன்ன வீடு அதுதான் மாமா. நம் பிள்ளைக்கு என்று நீங்கள் நினைத்த வீட்டில் ஆடுகள் இருந்தன. ஆடுகளை அவிழ்த்து வேப்ப மரத்தடியில் கட்டிவிட்டு, புழுக்கையை வாரி, தரையைக் கழுவி, பாயைப் போட்டேன். அன்றிலிருந்து நானும் அவனும் அங்கேதான் இருந்தோம். உங்கள் அம்மா அங்கேயே சோறு கொண்டுவந்து வைத்தார். நிமிர்ந்து நிற்க முடியாது, ஆட்டு வாடை போகாது. ஆனாலும் பையன் பிழைத்துக் கிடந்தான். இப்படியே கத்திரியைத் தாண்டிவிடலாம் என்று எனக்கு ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது.

அதை உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் நீங்கள்தான் வீடியோவில் பின்னால் ஆடு கட்டுகிற முளைக்குச்சியைப் பார்த்துவிட்டு, எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டீர்கள். நான் சொன்னேன். நீங்கள் போனை அப்பாவிடம் கொடு என்றீர்கள். வழக்கம்போல அது ஸ்பீக்கரில் இருந்தது. கமலா அக்கா இருந்தார், உங்கள் அம்மா இருந்தார். "எம் புள்ளையப் பொசுக்கிட்டு நீ மெத்த வூட்ல தூங்குப்பா" என்றீர்கள்.

நீங்கள் சொன்னதில் தப்பில்லை. அதையே நான் மனசுக்குள் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள், நாங்கள்தான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் உச்சி வேளைக்கு ஏணியை வைத்துத் தளத்தின் மேல் ஏறினார். ஏதோ பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். தலையில் துண்டுகூட இல்லாமல் நடுத்தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெயில் சாய்கிற வரைக்கும் இறங்கவில்லை. உங்கள் அம்மா கீழே நின்று கத்திக் கத்தி ஓய்ந்தார். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். நான் ஏணியில் பாதி ஏறி, ஏன் இப்படிப் பண்றீங்க, கீழ வாங்க என்று கெஞ்சினேன். "எம் பேரனுக்கு எறங்கன சூடு எனக்கும் எறங்கட்டும்மா" என்றார். 

இனியனுக்கு இது ஒன்றும் புரியவில்லை. தாத்தா ஏன் என்கூட விளையாட வரவில்லை, தாத்தா ஏன் மாடியிலேயே இருக்கிறார் என்று கொட்டகையின் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பான். தாத்தா காவல் காக்கிறார் என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருந்தேன்.

நேற்று முன்தினம். மோட்டார் ஓடவில்லை, துண்டு நனைக்கத் தண்ணீர் இல்லை. அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து, உங்கள் அம்மாவையும் எழுப்பாமல், குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனேன். கூட்டம் இருந்தது. திரும்பி வரும்போது உங்கள் அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அவர் தலையில் இனியனுடைய துண்டு இருந்தது.

நான் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவனை வாங்கினேன். உடம்பு கொதித்தது. அப்போது அவனுக்கு நினைவு இருந்தது. ஏண்டா போனே, ஏண்டா போனே என்று அடிக்கிற மாதிரி கேட்டேன். "தாத்தாவுக்கு ரொம்ப வேர்க்குதும்மா. எனக்குத்தான் வேர்க்கலையே" என்றான். அவ்வளவுதான் பேசினான். கமலா அக்கா வீட்டு ஆட்டோவில் வரும்போது வழியில் வலிப்பு வந்தது. முதல் தடவை மாதிரி உடனே நிற்கவில்லை.

இங்கே ஏ.சி. வார்டில் வைத்திருக்கிறார்கள். ஐஸ் வைத்து, குழாய் போட்டுச் சூட்டை இறக்கிவிட்டார்கள். இப்போது அவன் உடம்பு சில்லென்று இருக்கிறது. நாம் இத்தனை வருடம் எதற்காக ஆசைப்பட்டோமோ அந்தக் குளிர்ச்சி. டாக்டரம்மாவிடம் எப்போது கண் திறப்பான் என்று கேட்டேன். பார்க்கலாம்மா என்கிறார். காலையிலும் அதையே சொன்னார். இப்போது அந்த அம்மா என் பக்கம் வரும்போதே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார்.

கம்பெனியில் பாஸ்போர்ட்டைக் கேட்டுப் போராடுகிறீர்கள் என்று செல்வகுமார் சொன்னான். கிடைத்தால் வாருங்கள். கிடைக்கவில்லை என்றால் அங்கே யாரோடும் சண்டை போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இதையெல்லாம் எழுதுகிறேனே தவிர, எனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை. அந்த வீட்டை இனி என்ன செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள். இடிந்தால் இடியட்டும். அதற்குள் நான் கால் வைக்கப் போவதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். உங்கள் அப்பா ஆஸ்பத்திரிக்கு உள்ளே வரவில்லை. வந்த நாளிலிருந்து கேட்டுக்கு வெளியே, நிழலே இல்லாத இடமாகப் பார்த்து நிற்கிறார். உங்கள் அம்மா குடை கொண்டுபோனால் நகர்ந்து போய் நிற்கிறார். எனக்கு அவர் மேல் கோபம் தீரவில்லை மாமா. இந்த ஜென்மத்தில் தீருமா என்று தெரியாது. ஆனால் இந்த ஜன்னலில் இருந்து பார்த்தால் அவர் தெரிகிறார். இனியன் கண் திறந்தால் முதலில் தாத்தா எங்கே என்றுதான் கேட்பான். அப்போது நான் இந்த ஜன்னலைக் காட்டக் கூடாது.

போன் போட்டு அவரோடு பேசுங்கள். மன்னித்தேன் என்று சொல்ல வேண்டாம், அது உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. நிழலுக்கு வாப்பா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். உங்கள் அம்மா சொல்லிவிட்டார், நான் சொல்லிவிட்டேன், கேட்டில் இருக்கிற வாட்ச்மேன்கூடச் சொல்லிவிட்டார். இனியன் சொன்னால் உடனே வந்துவிடுவார். அவன் இன்னும் கண் திறக்கவில்லை.

இப்படிக்கு,
அன்புக்கரசி